மூன்று மாதச் சர்க்கரை டெஸ்ட்: எண் ஏறுவதும் இறங்குவதும் எதனால்?

என் சித்தப்பாவுக்கு 68 வயது. சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, 15 வருட நீரிழிவு. பலதுறை மருந்தகத்தில் ரத்தம் எடுக்கும் தேதிக்குச் சரியாக ஒரு வாரம் இருக்கும்போது அவர் ஆளே மாறிவிடுவார். காலைப் பரோட்டா நின்றுவிடும். இனிப்பான தே தாரிக் போய், பாலும் சர்க்கரையும் இல்லாத தே-ஓ கொசோங் வந்துவிடும். சாயங்காலம் புளோக்கைச் சுற்றி மூன்று நடை. போன முறை வெறும் வயிற்றுச் சர்க்கரை 5.8 வந்தது. ஹெல்த்ஹப் செயலியைத் திறந்து என்னிடம் காட்டும்போது முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. கொஞ்சம் கீழே தள்ளினால் இன்னொரு வரி: எச்பிஏ1சி 8.1.

“ரெண்டும் ஒரே நாள்ல குடுத்த ரத்தம். ஒண்ணு நல்லாருக்கு, இன்னொண்ணு மோசமா இருக்கு. மெஷின்ல ஏதோ கோளாறு” என்றார்.

மெஷினில் கோளாறு இல்லை. இரண்டு டெஸ்ட்டும் கேட்கும் கேள்வியே வேறு. வெறும் வயிற்றுச் சர்க்கரை அன்று காலை என்ன நிலவரம் என்று கேட்கிறது. எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதம் எப்படிப் போனது என்று கேட்கிறது. சித்தப்பா ஒரு வாரம்தான் ஒழுங்காக இருந்தார். அதற்கு முந்தைய பதினொரு வாரத்துக்கும் சேர்த்துத்தான் 8.1.

இதுவரை பலருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் அந்த எண்ணை ஏற்றி இறக்குவது சாப்பாடு மட்டும் இல்லை என்பது எனக்கே என் அக்கா விஷயத்தில்தான் புரிந்தது. அதற்கு வருமுன் இந்த டெஸ்ட் எதை அளக்கிறது என்று பார்த்துவிடலாம்.

பாகும் ஜாமூனும்

நம் ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களுக்குள் ஹீமோகுளோபின் என்ற புரதம் இருக்கிறது. உயிர்வாயுவைச் சுமப்பது அதன் வேலை. ரத்தத்தில் சுற்றும் சர்க்கரை, போகிற போக்கில் இந்த ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது பெரும்பாலும் கழல்வதில்லை. அந்தச் சிவப்பணு சாகும்வரை கூடவே இருக்கும். சிவப்பணுவின் ஆயுள் சராசரியாக 120 நாள். மொத்த ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காட்டில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதுதான் எச்பிஏ1சி. 7 விழுக்காடு என்றால் நூற்றில் ஏழு.

தீபாவளிக்குக் குலாப் ஜாமூன் செய்கிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பொரித்த உருண்டையைப் பாகில் போடுகிறோம். உருண்டைக்குள் எவ்வளவு இனிப்பு ஏறும்? பாகு எவ்வளவு கெட்டி என்பது ஒன்று. உருண்டை எவ்வளவு நேரம் ஊறியது என்பது இன்னொன்று. பாகு தண்ணீராக இருந்தாலும் ராத்திரி முழுக்க ஊறினால் இனிக்கும். பாகு கெட்டியாகவே இருந்தாலும் போட்டதும் எடுத்துவிட்டால் உள்ளே ஏறாது. இங்கே பாகுதான் ரத்தச் சர்க்கரை, ஊறும் நேரம் சிவப்பணுவின் ஆயுள். எச்பிஏ1சி கூடினாலும் குறைந்தாலும் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும், சில சமயம் இரண்டுமாகவும். முதலாவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். இரண்டாவதை ஏனோ விட்டுவிடுகிறோம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ‘மூன்று மாதச் சராசரி’ என்று சொன்னாலும் மூன்று மாதத்துக்கும் சம பங்கு கிடையாது. இன்று உங்கள் உடலில் ஓடும் சிவப்பணுக்களில் பெரும்பாலானவை போன மாதமும் இருந்தவை. நான்கு மாதத்துக்கு முன் இருந்தவை மிகச் சிலதான் இன்னும் பிழைத்திருக்கும். அதனால் கடைசி ஒரு மாதத்துக்கு ஏறக்குறையப் பாதிப் பங்கு, அதற்கு முந்தைய மாதத்துக்குக் கால் பங்கு, மீதிக் கால் பங்கு அதற்கும் முந்தைய இரண்டு மாதத்துக்கு. சித்தப்பாவின் ஒரு வார விரதம் எண்ணை அசைக்காமல் போகாது, ஆனால் கொஞ்சம்தான் அசைக்கும். ஒரு மாதம் இருந்திருந்தால் நன்றாகவே தெரிந்திருக்கும்.

ரத்தம் கொடுக்கும் நாளன்று காலையில் சாப்பிட்டீர்களா இல்லையா என்பது எச்பிஏ1சிக்குப் பொருட்டே இல்லை. பட்டினியோடு வரச் சொல்வது கூடவே எடுக்கும் மற்ற டெஸ்ட்டுகளுக்காக.

7 என்றால் எந்த 7?

சிங்கப்பூரில் இருக்கும் ஒரு தனிக் குழப்பத்தை இங்கே சொல்லியாக வேண்டும். இங்கே ரத்தச் சர்க்கரையை மில்லிமோல் கணக்கில் சொல்கிறோம்: 5.8, 7.2, 11 என்று. எச்பிஏ1சி விழுக்காட்டில் வருகிறது: 6.5, 7.2, 9 என்று. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி எண்கள். “எனக்கு சுகர் ஏழு” என்று ஒருவர் சொன்னால் எந்த ஏழு என்று கேட்டுத்தான் ஆகவேண்டும். ஊரில் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்கள் சர்க்கரையை மில்லிகிராமில் 126, 180 என்று சொல்வார்கள். நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வந்துவிடும்.

எச்பிஏ1சியிலிருந்து சராசரிச் சர்க்கரையைக் கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு. எச்பிஏ1சியை 1.59ஆல் பெருக்கி 2.59ஐக் கழிக்க வேண்டும். அதன்படி எச்பிஏ1சி 6 என்றால் சராசரி 7.0 மில்லிமோல். 7 என்றால் 8.5, 8 என்றால் 10.1, 9 என்றால் 11.7. ஆனால் இது பலரையும் சேர்த்துப் பார்த்து எடுத்த பொதுக் கணக்கு. எச்பிஏ1சி 7 இருக்கிறவர்களைத் தனித்தனியாகப் பார்த்தால் ஒருவருடைய உண்மையான சராசரி 6.8ஆக இருக்கலாம், இன்னொருவருடையது 10.3ஆக இருக்கலாம். அவ்வளவு இடைவெளி. என்னைக் கேட்டால் இந்தச் சூத்திரத்தோடு சேர்த்தே அச்சடிக்க வேண்டிய தகவல் இது.

அக்காவின் 6.3

என் அக்காவுக்கு 44 வயது. நீரிழிவு கிடையாது, ஒல்லியான உடம்பு. உடல்நலப் பரிசோதனைக்குப் போனவளுக்கு எச்பிஏ1சி 6.3 வந்தது. அன்று ராத்திரி வீட்டில் பெரிய ஆராய்ச்சி. அம்மா வழியா, அப்பா வழியா, போன மாதம் கல்யாணத்தில் சாப்பிட்ட பாதாம் அல்வாவா என்றெல்லாம்.

சிங்கப்பூரில் 2019 முதல் நீரிழிவைக் கண்டறிய எச்பிஏ1சியையும் பயன்படுத்துகிறார்கள். 6.0 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நீரிழிவு இல்லை. 7.0 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. 6.1 முதல் 6.9 வரை வந்தால் அதை வைத்து மட்டும் முடிவு சொல்லாமல் வெறும் வயிற்றுச் சர்க்கரையோ குளுக்கோஸ் குடிக்கவைத்துப் பார்க்கும் டெஸ்ட்டோ எடுப்பார்கள். 6.5ஐயே எல்லையாக வைத்திருக்கும் நாடுகளும் உண்டு. நடுவில் இப்படி ஓர் இடைவெளி விட்டது நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து. அக்காவை அதுதான் காப்பாற்றியது.

அக்காவின் வெறும் வயிற்றுச் சர்க்கரை 5.2. சுத்தமாகச் சரி. பிறகு ஏன் 6.3? டாக்டர் ரத்த எண்ணிக்கையைப் பார்த்தார். ஹீமோகுளோபின் 9.4 இருந்தது. மாதவிலக்கில் அதிக ரத்தப்போக்கு, வருடக்கணக்காக இரும்புச்சத்துக் குறைபாடு. அவள் அதை ‘எப்பவும் இருக்கிற களைப்பு’ என்று விட்டுவைத்திருந்தாள்.

இரும்புச்சத்து குறைந்தால் புதுச் சிவப்பணு உற்பத்தி மந்தமாகும். ரத்தத்தில் வயதான அணுக்களின் பங்கு கூடும். ஜாமூன் கணக்கில் சொன்னால், புது உருண்டைகள் குறைந்துவிட்டன, பாத்திரத்தில் இருப்பவை எல்லாம் நன்றாக ஊறியவை. பாகு அதேதான், எண் மட்டும் ஏறிவிட்டது. மாத்திரை கொடுத்தார்கள். நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 12ஐத் தாண்டியிருந்தது, எச்பிஏ1சி 5.8. அவள் அரிசியில் ஒரு பிடி குறைக்கவில்லை.

வைட்டமின் பி12, ஃபோலேட் குறைபாட்டிலும் இப்படியே எண் கூடலாம். இதில் நம்மவர்களுக்கு இரட்டை வம்பு. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 ஏற்கெனவே குறைவு. நீரிழிவுக்கு முதலில் எழுதித் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையும் பல வருடம் சாப்பிட்டால் பி12ஐக் குறைக்கும். சைவக்காரர், பத்து வருட மெட்ஃபார்மின், கால் மரத்துப்போகிறது, எச்பிஏ1சியும் ஏறுகிறது என்றால் பி12ஐ ஒரு முறை பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது வேறு கதையில் போய் முடியும்.

குறைந்தாலும் சந்தேகப்படுங்கள்

ஏறினால் பதறுகிறோம், இறங்கினால் பாயசம் வைக்கிறோம். இறங்குவதிலும் ஏமாற்றம் உண்டு.

எங்கள் புளோக்கில் ஒரு பெரியவர் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறார். அவருடைய எச்பிஏ1சி 6.1 என்று வந்ததும் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி. ஆனால் வீட்டில் விரலில் குத்திப் பார்க்கும் கருவி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் 13, 14 என்று காட்டிக்கொண்டே இருந்தது. எது சரி? கருவிதான். சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் சிவப்பணுவின் ஆயுள் குறைந்துவிடும். ரத்தம் ஊறுவதற்காகப் போடும் எரித்ரோபொய்டின் ஊசி புதுப்புது அணுக்களை வேறு இறக்குகிறது. உருண்டைகள் ஊறவே நேரம் இல்லை. பாகு கெட்டியாக இருந்தும் எண் குறைவாக வருகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு எச்பிஏ1சியை மட்டும் நம்பி மருந்தைக் குறைத்தால் ஆபத்து.

அண்மையில் ரத்தம் ஏற்றியவர்கள், நிறைய ரத்தம் இழந்தவர்கள், சிவப்பணுக்கள் சீக்கிரம் உடையும் நோய் உள்ளவர்கள் எல்லாரும் இதே வரிசை. மண்ணீரல் வீங்கியிருந்தாலும் எண் குறையும். அறுவை சிகிச்சையில் மண்ணீரலை எடுத்துவிட்டால் நேர் எதிர், எண் கூடும். கர்ப்பிணிகளுக்கும் எண் இயல்பாகவே இறங்கும். அதனால்தான் கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டுபிடிக்க 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடிக்கவைக்கிறார்கள். டாப்சோன் என்று ஒரு மருந்து, தொழுநோய்க்கும் சில தோல் நோய்களுக்கும் தருவது, அதுவும் எண்ணைக் கீழே இழுக்கும்.

பிறவியிலேயே வரும் சங்கதிகளும் இருக்கின்றன. தலசீமியா மரபணு, ஹீமோகுளோபின்-இ ஆகியவை தென்கிழக்காசியாவில் பரவலானவை. ஹீமோகுளோபினின் அமைப்பு மாறியிருந்தால் சில ஆய்வுக்கூட முறைகள் அதைத் தப்பாகப் படிக்கும், சில முறைகள் சரியாகவே படிக்கும். ஆகவே, தலசீமியா இருப்பது தெரிந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது. சிவப்பணுக்கள் எளிதில் உடையக் காரணமாகும் ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடும் அப்படித்தான். இங்கே பிறந்த குழந்தைகளுக்கு இதைச் சோதிக்கிறார்கள். குறைபாடு இருந்தால் துணி அலமாரியில் அந்துருண்டை போடாதீர்கள் என்று தாயிடம் சொல்லி அனுப்புவார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து, ஐம்பது வயதில் சர்க்கரைக்குப் பார்க்கும்போது, எச்பிஏ1சி உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். அந்துருண்டைக் கதை வீட்டில் ஓடியிருந்தால் அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இவர்களுக்கெல்லாம் மாற்று வழி உண்டு. ஃபிரக்டோசமின் என்ற டெஸ்ட் ஹீமோகுளோபினை விட்டுவிட்டு ரத்தத்தில் உள்ள மற்றப் புரதங்களில் ஒட்டிய சர்க்கரையைப் பார்க்கும். கடைசி இரண்டு மூன்று வார நிலவரம் தெரியும். இல்லாவிட்டால் விரல் குத்தல், அல்லது கையில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சர்க்கரையைப் பார்க்கும் சென்சார்.

பாகு ஏன் கெட்டியாகிறது?

சரி, ரத்தம் நன்றாகத்தான் இருக்கிறது, சர்க்கரைதான் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோறு, பரோட்டா, இனிப்பு பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. எளிதில் கண்ணில் படாத சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஸ்டீராய்டு. ஆஸ்துமா முற்றினால் தரும் பிரெட்னிசலோன் மாத்திரை, முழங்காலில் போடும் ஊசி, இவை சர்க்கரையை நன்றாகவே தூக்கும். டாக்டர் தந்தது என்றால் கணக்கில் வரும். கணக்கில் வராதது, தெரிந்தவர் கொடுத்த ‘மூலிகை’ மூட்டுவலி மாத்திரை. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும். இத்தகைய பொருள்களில் ஸ்டீராய்டு ஒளிந்திருப்பதாகச் சுகாதார அறிவியல் ஆணையம் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது.

அடுத்தது இன்சுலின் போடுகிறவர்களுக்கு. தினமும் வயிற்றில் அதே இடத்தில் குத்தினால் தோலுக்கடியில் கட்டி மாதிரி தடித்துவிடும். அங்கே வலி குறைவு என்பதால் கை அங்கேயேதான் போகும். அந்தத் தடிப்பில் போட்ட இன்சுலின் ஒழுங்காக உள்ளே இறங்காது. மருந்து அதே அளவு, எண் மட்டும் ஏறும். விரலால் தடவிப் பார்த்தாலே தெரியும்.

அப்புறம் ஊர்ப் பயணம். திருச்சிக்கோ சென்னைக்கோ ஒரு மாதம் போய்வந்தால் கல்யாண விருந்து மட்டும் இல்லை. இரண்டரை மணி நேர வித்தியாசத்தில் மாத்திரை நேரம் குழம்பும், இன்சுலின் பேனா வெயிலில் காரில் கிடந்து வீரியம் இழக்கும். திரும்பி வந்த இரண்டாம் வாரமே ரத்தம் கொடுத்தால் அந்த மாதம் அப்படியே எண்ணில் உட்கார்ந்திருக்கும். டாக்டரிடம் “ஊருக்குப் போயிருந்தேன்” என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் அவசரப்பட்டு மருந்தை ஏற்றமாட்டார்.

நோய்த்தொற்று, பல் ஈறு வீக்கம், தூக்கமில்லாத ராத்திரி வேலை இவையும் சர்க்கரையை ஏற்றும். பானங்களைப் பற்றி ஒரு வரி: சில்லறையில் விற்கும் டப்பா பானங்களுக்கு 2022 டிசம்பர் 30 முதலும், கடையில் கலந்து தரும் பானங்களுக்கு அதற்கு அடுத்த வருடம் அதே நாள் முதலும் ஏ, பி, சி, டி என்ற நியூட்ரி-கிரேடு தரம் வந்தது. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி. உணவங்காடியில் ‘சியு டாய்’ என்று சொல்லி வாங்கினால் இனிப்பு குறையும், ஆனால் அந்தத் தேயில் கெட்டிப்பால் போகத்தான் செய்யும். கெட்டிப்பாலே இனிப்புதானே.

சராசரி மறைப்பது

இரண்டு பேருக்கு எச்பிஏ1சி 7. ஒருவருக்குச் சர்க்கரை நாள் முழுக்க 7க்கும் 10க்கும் நடுவே. இன்னொருவர் ராத்திரிப் பாதுகாவலர். நடுநிசியில் சாப்பிட்ட மீ கோரிங்கில் 16க்குப் போய், விடிகாலையில் மாத்திரை வேகத்தில் 3.5க்கு விழுந்து, வியர்த்து, கை நடுங்கி உட்கார்ந்திருப்பார். எச்பிஏ1சிக்கு இரண்டு பேரும் ஒன்றுதான். சென்சார் போட்டால்தான் வித்தியாசம் தெரியும். அதில் 3.9க்கும் 10.0க்கும் இடையே ஒரு நாளில் 70 விழுக்காட்டுக்கு மேல் நேரம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

இலக்கும் ஆளுக்கு ஆள் மாறும். பெரும்பாலோருக்கு 7 அல்லது அதற்குக் கீழே. தனியாக வாழும், அடிக்கடி சர்க்கரை இறங்கித் தள்ளாடும் எண்பது வயதுப் பாட்டிக்கு 8 போதும் என்று டாக்டரே சொல்லக்கூடும். பக்கத்து வீட்டுக்காரரின் 6.4ஐ வைத்துப் பாட்டியைத் திட்டாதீர்கள்.

இன்னொன்று, 7.1 அடுத்த முறை 7.3 ஆனால் அதை ஏற்றம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரே ரத்தத்தை இரண்டு முறை ஓட்டினாலே அந்த அளவு வித்தியாசம் வரலாம். 0.5 அளவுக்கு மாறினால்தான் நிஜமாக ஏதோ நடந்திருக்கிறது என்று பேச்சைத் தொடங்கலாம்.

இதையெல்லாம் சித்தப்பாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் உட்கார்ந்து சொன்னேன். பாகு, ஜாமூன், கடைசி மாதத்துக்குப் பாதிப் பங்கு எல்லாம். மிகவும் கவனமாகக் கேட்டார். இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். மறுநாளே மருந்தகத்துக்குப் போன் போட்டு, நவம்பர் நடுவில் இருந்த ரத்தப் பரிசோதனையைத் தீபாவளிக்கு முன்பே, அக்டோபர் முதல் வாரத்துக்கு மாற்றி வாங்கிவிட்டார். அடுத்தது ஜனவரியில் வரும் என்பதை நான் இன்னும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.